பாலுக்கு வந்த விருந்தாளிகள்

சாரல் விழுந்துவிட்டால் தென்காசியில் எங்கள் வீடு வீடாக இருக்காது, சத்திரம்தான். அந்த வருஷச் சீசனில் வந்தவர்களுக்கு நல்ல சாக்கும் கிடைத்தது. எனக்குப் பெண் பிறந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. பிள்ளையை ஐந்து நிமிடம் பார்ப்பார்கள், குற்றாலத்தில் இரண்டு மணி நேரம் குளிப்பார்கள், ஈரத் தலையோடு திரும்பி வந்து எனக்குப் புத்தி சொல்வார்கள்.

என் கணவரின் அக்கா, எனக்கு மதினி, சுரண்டையிலிருந்து பால்பவுடர் டப்பாவோடேயே வந்து இறங்கினாள். பிள்ளை ஐந்து நாளாக வெளிக்குப் போகவில்லை என்று போனில் கேள்விப்பட்டிருந்தாள்.

"ஏட்டி, ஒன் பால்ல சத்து கெடையாது. அதான் வயித்துல ஒண்ணும் சேரமாட்டேங்கு. இன்னைக்கே இதக் கலக்கிக் குடு."

கோபம் ஒரு பக்கம், அவள் சொல்வது உண்மையாக இருந்துவிடுமோ என்ற பயம் ஒரு பக்கம். "டாக்டர்ட்ட கேட்டுட்டுக் குடுக்கேன் மதினி" என்று பிள்ளையோடு ஆட்டோ ஏறினேன். அவளும் விடவில்லை, டப்பாவோடு ஏறிக்கொண்டாள்.

டாக்டரம்மா எடை பார்த்தார், வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். "நல்லா எடை ஏறியிருக்கு, வயிறும் மெத்துனு இருக்கு. தாய்ப்பால் குடிக்கிற பிள்ளைங்க இந்த வயசுல சில நாள் போகாம இருக்கும். பயப்படாதீங்க, அந்தப் பவுடரும் வேண்டாம். உங்க பால்ல ஒரு சர்க்கரை இருக்கும்மா, அது பிள்ளைக்குச் செரிக்கவே செரிக்காது."

"பாத்தியா!" என்றாள் மதினி.

"அது பிள்ளைக்கு இல்ல. குடல்ல குடியிருக்கிற நல்ல பாக்டீரியாவுக்கு. அதுங்க தின்னுட்டு ஒரு அமிலத்தைத் திருப்பிக் குடுக்கும். குடலுக்கு அதுல தெம்பு, கெட்ட கிருமியும் அண்டாது."

நான் நாற்காலியில் துள்ளாத குறை. என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் என் உடம்பு யார் யாருக்கோ பந்தி வைத்திருக்கிறது! வீட்டு விருந்தாளிகள் தின்ற தட்டைக்கூட எடுப்பதில்லை. இவர்களோ தின்றுவிட்டு வேலையும் செய்கிறார்கள். திரும்பும் வழியெல்லாம் ஆட்டோக்காரரிடம் இதையே சொல்லிக்கொண்டு வந்தேன். மதினி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பிள்ளையை மடியில் வாங்கிக்கொண்டாள்.

வீட்டு வாசலில் ஆட்டோ நின்றது. பிள்ளை ஒரு முக்கு முக்கியது. அரைத்த மஞ்சள் நிறத்தில், ஐந்து நாள் பாக்கியும் மதினியின் சேலையில்.

"வந்துட்டு! வந்துட்டு!" என்று தெருவே கேட்கக் கத்தினேன். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது.

மதினி சேலை மாற்றிக்கொண்டு வந்து என் தோளைப் பிடித்து உட்கார வைத்தாள். "நீ பிள்ளைக்குப் பால் குடு. அவ வயித்துக்குள்ள அத்தன பேரு பசியோட இருக்காங்கள்லா. சோறு நான் பொங்குதேன்."

அந்தச் சீசனில் என் அடுப்படிக்குள் நுழைந்த முதல் விருந்தாளி அவள்தான்.