வல்லை வெளியால் போன ஐஸ்கிறீமும் அத்தானின் சாராயச் சோடாவும்

1995 தொடக்கத்தில் சண்டை நின்றிருந்த அந்தச் சில மாதங்களில்தான் இந்தப் பயணம் போனோம். அரியாலையிலிருந்து வல்வெட்டித்துறைக்கு, ஏறத்தாழ முப்பது கிலோமீற்றர். இன்றைக்கு அது ஒரு தூரமே இல்லை. அன்றைக்கு, பெற்றோல் தடையால் மண்ணெண்ணெயில் ஓடும் மோட்டார்சைக்கிளில், மடியில் ஐஸ்கிறீமை வைத்துக்கொண்டு போவதென்றால் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

காரணம் வல்வெட்டித்துறையில் இருந்த என் அக்கா பாக்கியம். அவளுடைய கணவர், எங்கள் அத்தான், வெளிநாட்டுக் கப்பலொன்றில் சமையல்காரர். சண்டை மூண்டபிறகு ஐந்து வருடமாக ஊருக்கு வர முடியாமல் இருந்து, கிளாலிக் கடலை வள்ளத்தில் கடந்து அப்போதுதான் வந்திருந்தார். வந்தவர் சும்மா இருக்காமல், ஏதோ ஒரு துறைமுகத்தில் கடை வைத்திருக்கும் ஒருத்தி தனக்கு ஊற்றிக் கொடுத்த பானத்தைப் பற்றி அக்காவிடம் புளுகியிருக்கிறார். சோடா, அதற்குள் சாராயம், மேலே ஐஸ்கிறீம் மிதக்குமாம். பெரிய ஆட்களுக்கு மட்டுமாம்.

அந்த ஒருத்தி அக்காவின் மனதில் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தாள். நாங்கள் பார்க்கப் போனபோது அத்தானுக்கு முன்னாலேயே சொன்னாள்: "அவள் இவருக்கு என்னத்தை ஊத்திக் குடுத்தவளோ, அதை நானும் ஒருக்காக் குடிச்சுப் பாக்கவேணும். இவர் திரும்பக் கப்பலுக்குப் போறதுக்கு முன்னம்."

போவதற்கு அப்போது நாலே நாள் இருந்தது. அத்தான் தலையைச் சொறிந்தார். பனஞ்சாராயம் மருந்துக்கென்று வைத்த ஒரு போத்தல் வீட்டில் இருந்தது. ஐஸ்கிறீம்தான் இல்லை. "அதை நாங்கள் கொண்டுவாறம்" என்று என் கணவர் நேசன் வாய்விட்டுவிட்டார்.

இரண்டு நாள் கழித்து, காலை பத்து மணிக்கு யாழ்ப்பாணம் ரவுணுக்குப் போனோம். ஜெனரேற்றர் வைத்து நடத்திய கடையொன்றில் ஐஸ்கிறீம் கிடைத்தது. கடைப் பலகையில் 'குளிர்களி' என்று எழுதியிருக்கும். வாயால் எல்லோரும் ஐஸ்கிறீம் என்றுதான் கேட்போம். வாய் அகன்ற பிளாஸ்க் ஒன்றில் வனிலாவை அமுக்கி நிரப்பி, பிளாஸ்கை மரத்தூள் நிரப்பிய சாக்குப்பைக்குள் இறக்கினேன். கிறீம் சோடா நான்கு போத்தல் வேறு. அன்றைக்கு மண்ணெண்ணெய் விற்ற விலையில், ஐஸ்கிறீமுக்குக் கொடுத்த காசைவிட ஓடிய செலவுதான் கூட.

உரும்பிராய், அச்சுவேலி வரை ஒரு குறையும் இல்லை. வல்லை வெளியில் ஏறியதும் எதிர்க்காற்று. வீடு இல்லை, மரம் இல்லை, இரண்டு பக்கமும் வெட்டவெளி. சரியாக நடுவில் மோட்டார்சைக்கிள் இருமி, இரண்டு தரம் குலுங்கி, நின்றுவிட்டது. நேசன் பிளக்கைக் கழற்றித் துடைத்தார், ஊதினார், ஸ்ராட் பண்ணவென்று சின்னப் போத்தலில் வைத்திருந்த பெற்றோலில் சொட்டு விட்டார். அது அசையவில்லை. நான் பிளாஸ்க் மூடியைத் திறந்து பார்த்தேன். ஓரமெல்லாம் பாயசம் மாதிரி இளகியிருந்தது. அக்காவின் முகம் நினைவுக்கு வந்து, நடு ரோட்டில் எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அப்போது எதிரே சைக்கிளில் மீன்பெட்டி கட்டிய ஒருவர் வந்து நிறுத்தினார்.

"என்ன தங்கச்சி, சாக்குக்குள்ளை?"

"ஐஸ்கிறீம் அண்ணை. உருகப்போகுது."

"கலியாண வீடோ?"

"இல்லை. அக்காவுக்கு."

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு பெட்டியைத் திறந்து, மீனுக்கு அடியில் கையை விட்டு இரண்டு கை ஐஸ்கட்டி அள்ளினார். "மீன் மணக்கும். பரவாயில்லையோ?"

"வெளியாலை வைக்கத்தானே அண்ணை. போடுங்கோ!"

பிளாஸ்கைச் சுற்றி ஐஸை அடுக்கி முடிக்க, மோட்டார்சைக்கிளும் ரோசம் வந்ததுபோல உறுமியது. "அக்கா குடுத்து வைச்சவ" என்று சொல்லிவிட்டு அவர் அச்சுவேலிப் பக்கம் மிதித்துப் போனார். பெயரைக்கூடக் கேட்காமல் விட்டோம்.

உடுப்பிட்டி கடந்து அக்கா வீட்டுக்குப் போய்ச் சேர மத்தியானம் ஒரு மணி தாண்டிவிட்டது. சோடாப் போத்தல்களை வாளியில் வைத்துக் கிணற்றுக்குள் இறக்கிக் குளிர வைத்தோம். அத்தான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பிளாஸ்கைத் திறந்து பார்த்தார். நடுவில் ஒரு கட்டி மட்டும் இறுக்கமாக இருந்தது. "இது மிதக்குமோ தெரியாது" என்றார், பரீட்சை எழுதப் போகிறவர் மாதிரி.

"மிதந்தாலென்ன தாண்டாலென்ன, ஊத்துங்கோ" என்றாள் அக்கா. படலையைச் சாத்திவிட்டு வந்து குந்தியிருந்தாள்.

மிதந்தது! நுரை பொங்கி விளிம்பால் வழிய, அதன்மேல் வெள்ளைக் கட்டி ஆடிக்கொண்டு நின்றது. அக்கா ஒரு கரண்டி எடுத்தாள். பிறகு ஒரு மிடறு. பிறகு கிளாஸைக் கீழே வைக்கவேயில்லை.

"இதுக்கே நான் இவ்வளவு நாளும் எரிஞ்சனான்?" என்றாள். "அந்தக் கடைக்காரி வடிவோ?"

"எழுபது வயசு. வாயிலை ஒரு பல் இல்லை."

"அதை முதலே சொல்லித் துலைக்கிறதுக்கென்ன!"

நாங்கள் நால்வரும் சிரித்த சிரிப்பில் எனக்குச் சோடா மூக்கால் வந்தது. இரண்டாவது கிளாஸை அக்காவே கலந்தாள், தேசிக்காய் பிழிந்து. அதுதான் திறம். குடித்துக்கொண்டே, அத்தானைப் பார்க்காமல் கேட்டாள்: "அப்ப, நாளையிண்டைக்குப் போறியள்?"

"போகேல்லை" என்றார் அத்தான்.

"அது சாராயம் கதைக்குது. விடியக் கேக்கிறன்."

இரவு அங்கேயே தங்கினோம். விடிய எழும்பிப் பார்த்தால், அத்தான் பயணத்துக்குக் கட்டி வைத்த பெட்டி வெறுமையாகத் திறந்து கிடந்தது. அவருடைய கப்பல் உடுப்பெல்லாம் கொடியில் காய்ந்தன. அவர் கிணற்றடியில் நின்று, "இப்ப கேளும்" என்றார்.

"போறியளோ?" என்றாள் அக்கா.

"இல்லை. அங்கை நூறு பேருக்குச் சமைச்சு ஒருத்தன்ரை முகத்தையும் நான் பாத்ததில்லை. நேற்று உம்மடை முகத்தைப் பாத்தன்."

அக்கா தேத்தண்ணி வைக்க உள்ளே போனாள். கேத்தில் மூடி விழுந்து உருண்ட சத்தம் மட்டும் கேட்டது.

செய்து பார்க்கப் போகிறவர்களுக்கு: கிளாஸில் முதலில் சாராயம், போத்தல் மூடியால் இரண்டு மூடி போதும். அரைத் தேசிக்காய் பிழியுங்கள். நன்றாகக் குளிர்ந்த சோடாவைக் கிளாஸைச் சரித்து ஊற்றி, ஐஸ்கிறீமைக் கடைசியாக மெல்ல இறக்குங்கள். பனஞ்சாராயமே பொருந்தும், அதன் புகைமணம் வனிலாவோடு நன்றாகச் சேரும். பிள்ளைகளுக்குச் சாராயம் விடாமல் கொடுக்கலாம். குடித்தவர் அன்றைக்கு வாகனம் ஓடக்கூடாது. படுக்கப் பாய் இருக்கிற வீட்டில் குடியுங்கள். வல்லை வெளியைக் காலையிலேயே கடந்துவிடுங்கள், பிந்தினால் காற்று விடாது.

சண்டை திரும்ப மூண்டு, அந்த வருடக் கடைசியில் நாங்கள் ஊரோடு இடம்பெயர்ந்து, மழையில் நனைந்து நடந்து போய், ஒரு வீட்டுப் படலையைத் தட்டினோம். அக்காவின் வீடுதான். லாம்போடு ஓடி வந்து திறந்தவர் அத்தான்.