பச்சை லைட் எரிந்தது, சேர்வர் கதைக்கவில்லை

1. காலை ஒன்பது மணி

பச்சை லைட் எரிந்துகொண்டிருந்தது. அதுதான் என்னைப் பயமுறுத்தியது. லைட் எரியாவிட்டால் வயரில் பிழை. வயரில் பிழை என்றால் அது என் கைக்குள் அடங்குகிற விஷயம். இங்கே லைட் எரிகிறது, ஆனால் கீழ்மாடியில் இருந்த ஐந்து கம்பியூட்டரில் ஒன்றுக்குக்கூட சேர்வர் பதில் சொல்லவில்லை.

யுத்தம் முடிந்த அடுத்த வருடம் அது. கிழக்கிலங்கைக் கல்முனையில் கடற்கரைப் பக்கமாக இருந்த ஒரு நிவாரண அலுவலகம். பெயர் வேண்டாம், இப்போது அந்த அலுவலகமும் இல்லை.

என்னைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு ஸலாம் சொன்னவன். ரேடியோ திருத்தினேன், வீட்டு வயரிங் செய்தேன், டெலிபோன் வயர் இழுத்தேன், பிறகு நெட்வேர்க்குக்கு வந்தேன். கல்முனையிலிருந்து அக்கரைப்பற்று வரைக்கும் அலுவலகங்களில் முதல் முதல் நெட்வேர்க் வயர் ஓட்டியவன் நான்தான். இல்லை என்பவர் வந்து என் முகத்துக்கு நேரே சொல்லட்டும். கெம்பஸ் படித்தவர்கள் நாள் முழுக்கத் தேடிக் கண்டுபிடிக்காத பிழையை, ஒரு தேத்தண்ணி குடித்து முடிக்கிற நேரத்துக்குள் கண்டுபிடித்துக் கொடுத்திருக்கிறேன். "வயரிங் காக்கா" என்றால் பசாரில் யாரும் வழி காட்டுவார்கள். எங்கள் பக்கத்தில் காக்கா என்றாலும் நானா என்றாலும் அண்ணன்தான்.

அப்படிப்பட்ட நான் அன்று காலை வியர்த்துப்போய் நின்றேன்.

2. பெட்டிக்குள் பெட்டி

முதல் நாள் கொழும்பிலிருந்து சமிந்த என்ற எஞ்சினியர் அந்தப் புதிய சேர்வரை வேனில் கொண்டுவந்திருந்தார். யுத்தத்தால் மூடிக்கிடந்த பாதை திறந்த பிறகு முதல் தடவையாக இந்தக் கரைக்கு வருகிறவர். தமிழாட்களோடு வேலை செய்து தமிழ் பழகியிருந்தார்.

"நானா, இது ஒரு மெசின் இல்லை. உள்ளே மூணு மெசின் இருக்கு" என்றார்.

நான் மூடியைக் கழற்றிப் பார்த்தேன். ஒன்றுதான் இருந்தது. பிறகு அவர் விளக்கப்படுத்தினார். இரும்பு ஒன்று, அதற்குள் மூன்று கம்பியூட்டர் தனித்தனியாக ஓடுவது போல ஒரு புரோகிராம் ஏமாற்றி வைத்திருக்கிறது. சுனாமிக்குப் பிறகு ஒரே தகரக் கொட்டிலுக்குள் சேலையை மறைப்பாகக் கட்டி மூன்று குடும்பம் இருந்தது எனக்கு ஞாபகம் வந்தது. கூரை ஒன்று, வாசல் ஒன்று, அடுப்பு மூன்று. அப்படிச் சொன்னதும் சமிந்த சிரித்து, "சரியாப் பிடிச்சிட்டீங்க நானா" என்றார்.

அந்த மூன்றில் ஒன்றுக்குள்தான் வீட்டுத் திட்டத்துப் பட்டியல் இருந்தது. சுனாமியில் வீடு போனவர்களின் பெயர், சாட்சிக் கடிதம், எல்லாம் அதற்குள். பழைய கம்பியூட்டரின் டிஸ்க் டிக் டிக் என்று சத்தம் போட்டுச் சாகக் கிடந்ததால்தான் புதிய சேர்வரே வாங்கினார்கள். சமிந்த மேசையில் வைத்துப் பட்டியலை அதற்கு மாற்றி, எல்லாம் வேலை செய்வதைக் காட்டினார். பழைய டிஸ்க் அன்று பின்னேரமே மௌத்தாகிவிட்டது.

சேர்வரை மேல்மாடி ரெக்கில் ஏற்றுவது என் பொறுப்பு. சுனாமிக்கு மறுநாள் என் ரேடியோ கடை இருந்த இடத்தில் மணல் மட்டும்தான் இருந்தது. அதற்குப் பிறகு நான் எந்த இயந்திரத்தையும் நிலமட்டத்தில் வைத்ததில்லை.

விடியக் காலையில் வேனில் ஏறும்போது சமிந்த சொன்னார்: "நானா, பின்னுக்கு நாலு ஓட்டை இருக்கு. முதலாவது ஓட்டையில் வயரைக் குத்துங்க."

"எனக்கோ சொல்றீங்க?" என்றேன் நான்.

3. பதினொரு மணிக்கு வருகிறவர்

மனேஜர் நஸீர் சேர் மூச்சிரைக்கப் படியேறி வந்தார். நல்ல மனிதர், ஆனால் பதற்றம் வந்தால் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருப்பார்.

"காக்கா, என்ன நடக்குது? கீழ ஒண்டும் வருதில்ல."

"அஞ்சி நிமிசம் தாங்க சேர்."

"அரை மணித்தியாலத்துக்கு முன்னயும் அஞ்சி நிமிசம் எண்டுதான் சொன்னீங்க."

அன்று பதினொரு மணிக்குக் கச்சேரி என்கிற அரசாங்க அலுவலகத்திலிருந்து அதிகாரி வருவதாக இருந்தது. பட்டியலை அச்சடித்து வைக்க வேண்டும். பெயருள்ளவர்கள் அவருக்கு முன்னால் கையெழுத்து வைக்க வேண்டும். அதோடு பட்டியல் மூடப்படும். விடுபட்டவர்கள் அடுத்த கட்டம் என்று ஒன்று வந்தால் பார்த்துக்கொள்ளலாம். வருமா என்று யாருக்கும் தெரியாது.

"பழைய பிரிண்ட் ஒண்டும் கிடக்கில்லையா சேர்?"

"கிடக்கு. அதுல ஆமினாட பேர் இல்ல" என்று குரலைத் தாழ்த்தினார். "போன மாசம்தான் சேத்த. கையால எழுதிக் குடுத்தா அந்த மனிசன் எடுக்கமாட்டார்."

ஆமினா மேல்படியில்தான் இருந்தாள். கீழே சனம் நிறைந்து இடமில்லாமல் அங்கே வந்து குந்தியிருந்தாள். மருதமுனைக்காரி, தறியில் ஆண்கள் உடுக்கிற சாரன் நெய்கிறவள். புருஷனையும் வீட்டையும் வீட்டிலிருந்த காணி உறுதி, அடையாள அட்டை எல்லாவற்றையும் ஒரே காலையில் கடல் கொண்டுபோய்விட்டது. இன்னார் இந்த இடத்தில் இருந்தார் என்று சொல்ல அயலிலும் ஆள் மிஞ்சவில்லை. நஸீர் சேர் இரண்டு வருடமாகத் தேடி, ஊர் மாறிப்போன இரண்டு சாட்சிகளைப் பிடித்துக் கடிதம் வாங்கி, அவள் பெயரைச் சேர்த்திருந்தார். ஐந்து வருடத்துக்கு மேலாக அவளும் இரண்டு பெண்பிள்ளைகளும் தகரக் கொட்டிலில் இருந்தார்கள்.

அவளுக்கு நாங்கள் கதைத்தது கேட்டிருக்கும். முக்காட்டைச் சரிசெய்துகொண்டு என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

4. நான் செய்த வேலைகள்

இளம் ஆட்கள் இதைக் கவனமாக வாசிக்க வேண்டும். பிழை தேடுவதற்கு ஒரு ஒழுங்கு இருக்கிறது. நான் அந்த ஒழுங்கில் ஒன்றையும் விடவில்லை.

வயரை டெஸ்டரில் போட்டேன். எட்டு லைட்டும் வரிசையாக எரிந்தன. அப்படியிருந்தும் இரண்டு தலையையும் வெட்டி எறிந்துவிட்டுப் புதிய தலை வைத்துக் கிரிம்ப் பண்ணினேன். ஒன்றும் மாறவில்லை. எல்லா வயரும் வந்து சேருகிற சுவிட்ச் பெட்டியில் வேறு போர்ட்டுக்கு மாற்றினேன். சுவிட்சையே நிறுத்திப் போட்டேன். பிறகு சேர்வரில் இருந்த வயரைக் கழற்றி நஸீர் சேரின் லெப்டொப்பில் குத்தினேன். லெப்டொப் உடனே கீழே உள்ள எல்லாக் கம்பியூட்டரோடும் கதைத்தது. ஆக என் வயர் நல்லது. அதை நஸீர் சேரிடம் இரண்டு தடவை சொன்னேன்.

"வயர் நல்லதெண்டா பேர் வரணுமே காக்கா" என்றார்.

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. வயரைத் திரும்பச் சேர்வரில் குத்தினேன். பச்சை லைட். சேர்வரைக் கூப்பிட்டுப் பார்க்கப் பிங் அடித்தால் பதில் இல்லை. சேர்வரில் திரையைக் கொழுவிப் பார்த்தேன். மஞ்சளும் சாம்பலுமாக ஒரு பக்கம் மட்டும் வந்தது, அதில் அட்ரஸ் சரியாக இருந்தது. உள்ளே இருக்கிற மூன்று மெசினையும் அந்தத் திரையில் பார்க்க முடியாது. அவற்றுக்கு வாசல் அந்த வயர் ஒன்றுதான்.

மணி பத்தேகால். யன்னலுக்கு வெளியே கடல் இரைந்தது. எந்த நாளும் இரைகிற கடல்தான். ஆனால் அன்று ஒவ்வொரு இரைச்சலுக்கும் என் கழுத்து அந்தப் பக்கம் திரும்பியது.

5. மகாஓயாவிலிருந்து

சமிந்தவின் போனுக்கு எட்டுத் தடவை எடுத்தேன். அவர் கொழும்புக்குத் திரும்புகிற காட்டுப் பாதையில், சிக்னல் இல்லை. பத்தரைக்கு அவரே எடுத்தார். மகாஓயாவில் ஒரு தேத்தண்ணிக் கடையில் நிற்கிறாராம். நஸீர் சேரும் கேட்கட்டும் என்று லவுட் ஸ்பீக்கரில் போட்டேன்.

"நானா, லைட் எரியுதா?"

"எரியிது."

"முதலாவது ஓட்டையிலதானே குத்தினீங்க?"

"தம்பி, நான் முப்பது வருசமா இந்த வேலை செய்யிறன்."

"சரி நானா, கோவிக்க வேணாம். நேத்து வேலை செஞ்சதுதானே. அப்ப மேலே தூக்கும்போது உள்ளே நெட்வேர்க் கார்ட் அடிபட்டிருக்கும். கொழும்புக்குத்தான் அனுப்பணும்."

கோல் அறுந்தது. நஸீர் சேர் கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை, கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"தூக்கினது நீங்கதானே காக்கா" என்றார் மெல்லமாக.

குழந்தையைத் தூக்குவது போல் தூக்கினேன் என்று சொல்ல வாயெடுத்தேன். படிமுனையில் இடித்தேனா? ஞாபகப்படுத்திப் பார்க்கப் பார்க்க, இடிக்காத இடத்திலெல்லாம் இடித்தது போல் இருந்தது. நஸீர் சேர் கீழே போனார். அதிகாரியிடம் என்ன சொல்வது என்று யோசிக்கத்தான் போகிறார் என்று விளங்கியது.

6. நூல் கோத்தது யார்

"காக்கா, ஒண்டு கேக்கட்டா? கோவிக்கப்படா."

ஆமினா எழும்பி வாசலடியில் வந்து நின்றாள்.

"கேளுங்க தங்கச்சி."

"உள்ளுக்க இந்த வேலைய செஞ்சது நீங்களா, அந்தக் கொழும்புக்காரரா?"

"அவர்தான்."

"அவர் எந்தப் பக்கத்தால எண்ணினவர்?"

எனக்கு விளங்கவில்லை. அவள் சொன்னாள்: "இண்டைக்குக் காலத்தால நீங்க வயர் குத்தக்குள்ள பாத்துட்டிரிந்தன். பிஸ்மி சொல்லி வலப் பக்கத்தால எண்ணினீங்க. எங்கட மூத்த ராத்தாவும் அப்படித்தான், பாவு நூல வலப் பக்கத்தாலதான் எண்ணுவா. நான் இடப் பக்கத்தால. ஒருக்கா அவ பாதியில உட்ட பாவ நான் கோத்தன். முதலாவது நூல் எண்டு அவ சொன்னத நான் மத்தப் பக்கத்துல போட்டுட்டன். தறி நல்லா ஓடின. ஒரு நூலும் அறல்ல. மறுகா பாத்தா சாரன் முழுக்கக் கோடு பிழ."

"தங்கச்சி, இது சாரன் இல்ல" என்றேன்.

"ஓம்" என்றுவிட்டுப் போய் இருந்த இடத்தில் குந்திக்கொண்டாள்.

தறி நல்லா ஓடின, ஒரு நூலும் அறல்ல. என் பச்சை லைட்டும் அப்படித்தானே எரிகிறது.

எனக்குக் குர்ஆன் ஓதித் தந்த லெப்பை, எதையும் வலதைக் கொண்டு தொடங்கு என்று பிரம்போடு சொல்லித் தந்தவர். பள்ளிக்கூடத்தில் படித்தது மறந்தாலும் அது மறக்கவில்லை. செருப்பை வலது காலில் முதலில் போடுவேன், பாயை வலப் பக்கத்தால் விரிப்பேன், ரெக்கில் வயர் அடுக்கினாலும் வலப் பக்கத்து முனைதான் எனக்கு ஒன்று. இந்தக் கரையில் நான் ஓட்டிய வயரெல்லாம் அந்தக் கணக்கில்தான். ஓட்டியவனும் நான், திருத்துகிறவனும் நான் என்பதால் அதுவரைக்கும் ஒரு தடவைகூடப் பிழைக்கவில்லை. சமிந்த சிங்களமும் இங்கிலீசும் படித்தவர். இரண்டும் இடமிருந்து போகிற எழுத்து. அவருக்கு ஒன்று என்றால் இடப் பக்கத்து முனை.

ஓட்டைகளுக்குக் கீழே நம்பர் அடித்திருக்குமே, பார்க்கவில்லையா என்று நீங்கள் கேட்பீர்கள். கடற்காற்றுப் பட்டால் ஓட்டைக்குள் செம்பு பச்சை பூத்துவிடும். அதனால் பாவிக்காத ஓட்டைகளைக் கறுப்பு டேப் ஒட்டி மூடிவிடுவது என் வழக்கம். மூன்று ஓட்டையை மூடினேன். ஒரே நீளமாக இழுத்து ஒட்டியதில் கீழே இருந்த நம்பர் நாலும் டேப்புக்குள் போய்விட்டது.

டேப்பை உரித்தேன். என் வயர் நின்ற ஓட்டைக்குக் கீழே 4 என்று இருந்தது.

அந்த ஓட்டைக்கும் மின்சாரம் வருகிறது, அதனால் லைட் எரிகிறது. ஆனால் உள்ளே இருக்கிற மூன்று மெசினையும் சமிந்த கட்டிவைத்திருந்தது ஒன்றாம் ஓட்டையோடு. வெறும் அறையின் கதவைத்தான் நான் காலையிலிருந்து தட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

வயரைக் கழற்றி இடப்பக்க முனையில் குத்தினேன். பிஸ்மி சொன்னேன். பிங் அடித்தேன். ஒரு வரி பதில் இல்லை. இரண்டாவது வரியும் இல்லை. மூன்றாவது வரியில் பதில் வந்தது. நஸீர் சேர் கீழேயிருந்து கூப்பிட்டார்.

"காக்கா, வந்துட்டு. எல்லாம் வந்துட்டு."

7. கையெழுத்து

அதிகாரி பதினொன்றேகாலுக்கு வந்தார். அச்சடித்த தாள் சூடாக மேசையில் இருந்தது. ஆமினாவின் பெயர் கடைசித் தாளில், கடைசிக்கு முதல் வரி. அவள் முதலில் பெயரை விரலால் தடவிப் பார்த்தாள், மறுபடி வாசித்தாள், பிறகுதான் பேனையை எடுத்தாள்.

"என்ன காக்கா பிழை?" என்று நஸீர் சேர் எல்லாருக்கும் முன்னால் கேட்டார்.

"உள்ளுக்க மெசின் சிக்கிக் கிடந்த சேர். எடுத்து உட்டுட்டன்."

"நான் சொல்லல்லையா, வயரிங் காக்கா இரிக்கக்குள்ள நமக்கென்ன பயம்" என்றார் அவர். ஆமினா முக்காட்டு முனையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் அதை யாரிடமும் சொல்லவில்லை. நானும் இவ்வளவு காலம் சொல்லவில்லை. இப்போது எழுதிவிட்டேன்.

என்னைவிடக் கெட்டிக்காரர்களாக வரப்போகிறவர்களுக்குச் சொல்கிறேன். லைட் எரிவதை நம்பாதே. முதலாவது என்று எவர் சொன்னாலும் எந்தப் பக்கத்தால் என்று கேள். கேட்டால் மரியாதை குறையும் என்று நினைத்த ஒரு மனிதனால் ஒரு குடும்பம் இன்னும் எத்தனை வருடம் தகரத்துக்குக் கீழே கிடந்திருக்குமோ, அல்லாஹ்வுக்குத்தான் தெரியும்.

ஆமினாவுக்கு வீடு கிடைத்தது. அதற்கு வயரிங் நான்தான் செய்தேன். முன்னறையில் மூன்று சுவிட்ச் வைத்த போர்ட் பூட்டி முடித்ததும் அவள் வந்து பார்த்தாள்.

"காக்கா, முதலாவது சுவிச்சு எந்த லைட்டுக்கு?"

"எந்தப் பக்கத்தால தங்கச்சி எண்ணுறீங்க?" என்று கேட்டேன்.

"இப்பத்தான் காக்கா நீங்க வயரிங் படிச்சிரிக்கீங்க" என்றாள்.