அப்பா போட்ட கையெழுத்து

அத்தை எங்கள் வீட்டுக்கு வந்த மூன்றாவது வாரத்தில், பாப்பாவை அவளுக்குக் கொடுத்துவிட அப்பாவும் அம்மாவும் முடிவு செய்துவிட்டதை நான் கண்டுபிடித்தேன். தவறாகக் கண்டுபிடித்தேன் என்பது பிறகு தெரிந்தது. ஆனால் அந்த இரண்டு நாள் நான் பட்ட பாட்டில் தவறு ஒன்றும் இல்லை.

அப்போது நாங்கள் பூனாவுக்குப் பக்கத்தில் பிம்ப்ரியில் இரண்டு அறை உள்ள ஒரு வீட்டில் இருந்தோம். எனக்கு ஒன்பது வயது. தங்கைக்கு நான்கு நடந்துகொண்டிருந்தது. அவளுக்கு ஒரு நல்ல பெயர் இருந்தும் எல்லோருக்கும் அவள் பாப்பாதான். அவளை முன்னிட்டு எனக்கும் வீட்டில் 'அக்கா' என்றே பெயராகிவிட்டது. அப்பாகூட, "அக்கா சாப்பிட்டுச்சா? அக்கா தூங்கிடுச்சா?" என்றுதான் அம்மாவிடம் கேட்பார். நெடுஞ்சாலையைத் தாண்டி இருந்த ஒரு தொழிற்சாலையில் அவர் லேத் இயந்திரம் ஓட்டினார். காலையில் சைக்கிளில் போனால் மாலையில் எண்ணெய் வாசனையோடு வருவார்.

அத்தை அப்பாவுக்கு மூத்தவள். அரக்கோணத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் தனியாக இருந்தாள். மாமா இறந்து ஏழெட்டு வருடம். குழந்தை இல்லை. அந்தக் கோடை விடுமுறைக்கு ஒரு தகர டப்பா நிறைய முறுக்கும், பாப்பாவுக்குப் பச்சைப் பட்டுப்பாவாடையும் கொண்டுவந்தாள். எனக்கு ஒரு ஜாமெட்ரி பாக்ஸ். வந்த அன்றே பாப்பா அவளோடு ஒட்டிக்கொண்டாள். அவள் பாயில்தான் தூக்கம், அவள் கையால்தான் சோறு.

வந்த வேலையையும் அத்தை மறக்கவில்லை. மூன்றாவதாக ஒரு பையன் பிறக்க வேண்டும் என்று திருப்பதிக்கு வேண்டிக்கொண்டிருந்தாள். அம்மா சப்பாத்தி தேய்க்கும்போது எதிரில் உட்கார்ந்து அதையே பேசுவாள். "நீ இன்னொண்ணு பெத்துக்கோ. உன்னால மூணு பேர வெச்சிக்கினு சமாளிக்க முடியாது. சின்னவள நான் கூட்டினு போறேன். நான் வளத்துக்கறேன்." அம்மா தேய்க்கும் சப்பாத்தி மெலிந்துகொண்டே போகும்.

செவ்வாய்க்கிழமை விடிகாலை குழாயில் தண்ணீர் வந்திருந்தது. அத்தையும் பாப்பாவும் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார்கள். நான் விழித்துக்கொண்டு, கதவுக்குப் பின்னால் பாயிலேயே கிடந்தேன். அம்மா குடத்தில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருக்க, அப்பா பக்கத்தில் நின்று தணிந்த குரலில் பேசினார்.

"கையெழுத்து போட்டுக் குடுத்துட்டேன். வியாழக்கிழமை காலையில எட்டு மணிக்கு."

"மனசு மாறிட மாட்டீங்களே?"

"இதுல மாற என்ன இருக்கு? அக்காவுக்கு மட்டும் இப்பத் தெரிய வேணாம். அழுது ஊரக் கூட்டிடும். எல்லாம் முடிஞ்சப்புறம் சொல்லிக்கலாம்."

குடம் நிரம்பி வழிந்தும் அம்மா குழாயை மூடவில்லை.

நான் நேராகப் போய்க் கேட்டிருக்கலாம். ஆனால் கேட்டால் அழுகை வரும். அழுதால் அப்பா சொன்னது சரியாகிவிடும். ஆகவே கேட்கவில்லை.

அதன்பிறகு பார்த்ததெல்லாம் அதற்கு அத்தாட்சியாகவே இருந்தது. பாப்பாவின் கவுன்களை அம்மா ஒன்றுவிடாமல் துவைத்துப் போட்டாள். புதன்கிழமை பாப்பாவின் தலையை மடியில் வைத்து நெடுநேரம் பேன் பார்த்தாள். திடீரென்று எங்கள் இரண்டு பேரையும் சேர்த்து அணைத்துக்கொண்டாள். அத்தைக்குச் சனிக்கிழமைதான் டிக்கெட் என்பது எனக்குத் தெரியும். ஆனால் பெரியவர்கள் சொல்லும் கிழமைகளை நான் நம்புவதை நிறுத்தியிருந்தேன். பாப்பாவிடம் மிகவும் நல்லவளாக நடந்துகொண்டேன். ஜாமெட்ரி பாக்ஸையே கொடுத்தேன். அவள் காம்பஸால் சுவரைக் கீறி அடி வாங்கினாள்.

வியாழக்கிழமை அந்தப் பகுதி முழுக்கத் தொழிற்சாலைகளுக்கு வாரவிடுமுறை. அப்பாவும் அம்மாவும் ஏழு மணிக்கே கிளம்பிவிட்டார்கள். கூட வேலை செய்பவர் வீட்டில் பூஜை என்று அத்தையிடம் சொன்னார்கள். பூஜைக்குப் போகிற அம்மா பழைய நைட்டியையும் துண்டையும் பையில் எடுத்து வைத்ததை நான் பார்த்திருந்தேன். வாசலில் அம்மா என் முகத்தைப் பார்த்தாள். "பாப்பாவப் பாத்துக்கோ," என்றாள். அவள் உதடு உலர்ந்திருந்தது.

பாப்பாவைக் கொண்டுபோவதைப் பார்க்கத் தைரியம் இல்லாமல்தான் போகிறார்கள் என்று புரிந்துகொண்டேன். அதற்கேற்றாற்போல் அத்தை பாப்பாவைக் குளிப்பாட்டி, பவுடர் போட்டு, பச்சைப் பாவாடையைக் கட்டிவிட்டாள். "கோயிலுக்குப் போலாமா?" என்று கேட்டாள். பிறகு குளிக்கப் போனாள். உள்ளே தாழ் விழுந்த சத்தம் கேட்டதும் நான் பாப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினேன்.

எங்கே போவது என்பதில் எனக்குக் குழப்பமே இல்லை. அப்பா கையெழுத்துப் போடுவதென்றால் அது தொழிற்சாலையில்தான். சம்பளத்துக்கும் லீவுக்கும் அங்கேதான் போடுவார். அங்கே பெரிய அதிகாரி ஒருவர் இருப்பார். அவரிடம் சொன்னால் காகிதத்தைக் கிழித்துவிடுவார். தசரா பூஜைக்கு அப்பா ஒருமுறை சைக்கிளில் கூட்டிப்போயிருந்ததால் வழி தெரியும்.

சைக்கிளில் அருகில் இருந்த இடம் நடந்தபோது எங்கேயோ போய்விட்டது. நெடுஞ்சாலையில் லாரிகள் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு வந்தன. பாதி சாலையில் பாப்பாவின் ஒரு செருப்பு கழன்றது. அதை எடுக்க அவள் என் கையை உதறிக்கொண்டு திரும்பி ஓடினாள். ஒரு லாரி ஹாரனை அலறவிட்டு எங்களை ஒட்டிப் போனது. அதன் காற்றில் அவள் பாவாடை பறந்தது. அவளை எப்படி இழுத்துக்கொண்டு அந்தப் பக்கம் போனேன் என்று இன்றும் நினைவில்லை. செருப்பு சாலையிலேயே கிடந்தது. அவளைத் தூக்கிக்கொண்டேன். பத்தடிக்கு ஒருமுறை இறக்கிவிட்டு மறுபடி தூக்கினேன். "அம்மா எங்க?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள்.

தொழிற்சாலைக் கதவு பூட்டியிருந்தது. உள்ளே ஒரு சத்தமும் இல்லை. வாட்ச்மேன் எட்டிப் பார்த்து, "ஆஜ் சுட்டி ஹை, பேட்டி," என்றார். விடுமுறை என்பது எனக்குத் தெரியாததா? வியாழக்கிழமை என்பதாலேயே அல்லவா ஓடிவந்தேன்! ஆனால் விடுமுறையில் அதிகாரியும் இருக்க மாட்டார் என்பதை நான் யோசிக்கவே இல்லை. அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதேன். நான் அழுவதைப் பார்த்துப் பாப்பாவும் அழுதாள். வாட்ச்மேன் இரண்டு பேரையும் தன் அறை நிழலில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். அப்பாவின் பெயரைக் கேட்டார். சொன்னால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார் என்று பயந்து நான் சொல்லவில்லை.

கொஞ்ச நேரத்தில் ஓர் ஆட்டோ வந்து நின்றது. நாங்கள் காகூ என்று கூப்பிடும் பக்கத்து வீட்டு மராத்திப் பெண்மணியும், ஈரத்தலையோடு அத்தையும் இறங்கினார்கள். வந்ததிலிருந்து தெருமுனையைத் தாண்டித் தனியாகப் போகாதவள் அத்தை. பாஷை தெரியாத ஊரில் எங்கள் பெயரைக் கத்திக்கொண்டு தெருத்தெருவாக ஓடியிருக்கிறாள். எங்களைப் பார்த்த மளிகைக்கடைக்காரர்தான் காகூவுக்கு வழி சொன்னாராம். அத்தையின் காலிலும் செருப்பு இல்லை.

"எங்கடி வந்தீங்க? என் உசுரே போயிடுச்சே!" என்று பாப்பாவை அள்ளப் போனாள். நான் குறுக்கே நின்று கத்தினேன். "பாப்பாவத் தரமாட்டேன்! அப்பா கையெழுத்து போட்டாலும் தரமாட்டேன்!"

"இன்னா கையெழுத்துடி?"

எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். வியாழக்கிழமை, எட்டு மணி, பழைய நைட்டி, துண்டு. அத்தை கேட்டுக்கொண்டே என் எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள்.

"அக்காவுக்குத் தெரிய வேணாம்னானா ஒங்கப்பன்?"

"ஆமா. நான் அழுவேனாம்."

அத்தை என்னையே பார்த்தாள். "ஒன்னச் சொல்லலடி," என்றாள். அப்புறம் எழுந்து எங்களை ஆட்டோவில் ஏற்றினாள்.

பகல் முழுக்க அத்தை சமையலறையிலேயே இருந்தாள். நான் பாப்பாவை ஓர் அடிகூட நகரவிடவில்லை. சாயங்காலம் ஆட்டோவிலிருந்து அம்மா இறங்கினாள். அப்பாவின் தோளைப் பிடித்துக்கொண்டு, வயிற்றில் ஒரு கையை வைத்தபடி, ஒவ்வொரு படியாக ஏறினாள். வாசலில் நின்ற அத்தையைப் பார்த்ததும் அப்பாவின் முகம் வெளுத்துவிட்டது. "அக்கா..." என்று ஆரம்பித்தார்.

"மொதல்ல அவள உள்ள கூட்டினு வா. வாசல்ல நிக்க வெச்சிக்கினு இன்னா பேச்சு?"

உள்ளே பாய் விரித்திருந்தது. குழைந்த சோறும் பூண்டு ரசமும் தயாராக இருந்தன. அத்தை அம்மாவைச் சுவரில் சாய்த்து உட்காரவைத்து, தட்டைக் கையில் கொடுத்தாள். அம்மா முதல் கவளத்தை வாயில் வைத்ததும் அழ ஆரம்பித்துவிட்டாள். ரசம் காரம் போலிருக்கிறது என்று நான் தண்ணீர் கொண்டுபோனேன்.

அப்பாவிடம் அத்தை ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "எங்கிட்ட சொல்லிட்டுப் போயிருந்தா நான் மறிக்கவாடா போறேன்?" மறித்திருப்பாள் என்று அப்பாவுக்குத் தெரியும். அவளுக்கும் தெரிந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது.

நான் கல்லூரிக்குப் போன பிறகு அம்மா ஒருநாள் சொன்னாள். அன்று அவர்கள் போனது ஆஸ்பத்திரிக்கு, குடும்பக்கட்டுப்பாடு ஆபரேஷனுக்கு. கையெழுத்துப் போட்டது அந்தப் படிவத்தில். "நீங்க ரெண்டு பேர் போதும்னு ரெண்டு பேருமா சேந்துதான் முடிவு பண்ணோம்," என்றாள். அப்படி அவர்கள் எங்களுக்காக எடுத்த முடிவைக் கிழித்துப்போடத்தான் நான் நெடுஞ்சாலையைத் தாண்டி ஓடியிருக்கிறேன்.

அத்தை சனிக்கிழமை போகவில்லை. டிக்கெட்டை மாற்றச் சொல்லி இன்னும் இரண்டு வாரம் இருந்து, அம்மாவை ஒரு குடம் தண்ணீர்கூடத் தூக்கவிடாமல் பார்த்துக்கொண்டாள். பையன் பேச்சை எடுக்கவில்லை. பாப்பாவை வளர்க்கும் பேச்சையும் எடுக்கவில்லை. நான் மட்டும் நம்பவில்லை. கடைசி நாளில்தான் ஏதாவது நடக்கும் என்று காத்திருந்தேன்.

பூனா ஸ்டேஷனில் மெட்ராஸ் ரயில் நின்றது. அத்தை ஜன்னலோரம் உட்கார்ந்தாள். அப்பா பையை உள்ளே வைத்துவிட்டு இறங்கினார். ரயில் ஒரு குலுக்குக் குலுக்கியபோது அத்தை கம்பிகளுக்கிடையில் கையை நீட்டினாள், பாப்பாவின் கன்னத்தைத் தொடுவதற்கு. நான் பாப்பாவின் சட்டையைப் பிடித்து ஓர் அடி பின்னால் இழுத்துக்கொண்டேன்.

நீட்டிய கை கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது. பிறகு அத்தை அதை உள்ளே எடுத்து, முந்தானையை இழுத்துத் தலைவரை போர்த்திக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிவிட்டாள். ரயில் நகர்ந்தது. அவள் என்மேல் கோபித்துக்கொண்டாள் என்று நான் நினைத்தேன். தங்கையைக் காப்பாற்றிவிட்டேன் என்று நிம்மதியாகவும் இருந்தது.