டிரம்ஸ் வந்தால் அந்தோணி போவான்

மருமக்களே, பாலைவனத்தைப் பலர் கடந்திருக்கலாம். ஏசி நேராக முகத்தில் அடிக்கும் பஸ் இருக்கையில், பக்கத்தில் அந்தோணியையும் வைத்துக்கொண்டு கடந்த மாவீரன் உலக வரலாற்றிலேயே நான் ஒருவன்தான்.

துபாய்க்குப் போனது மார்ச் மாத முதல் வெள்ளி. அந்தோணி முட்டத்துக்காரன், ஏசி டெக்னீஷியன். அபுதாபியில் எங்கள் கோயில் தமிழ்ப் பாடகர் குழுவுக்குப் பதினோரு வருட வயலின். ஈஸ்டருக்கு டிரம்ஸ் வேண்டும் என்று இளவட்டங்கள் கேட்க, "அது உள்ள வந்தா நான் வெளிய" என்று சொல்லிவிட்டான். அவனுக்கு ஆதாரம் ஒரு கேசட். ஊருக்குப் போன ஸ்காட்லாந்து ஃபோர்மேன் தொழிலாளர் கேம்ப்பில் விட்டுப்போனது. பழைய பிரிட்டிஷ் நாட்டுப்புறப் பாட்டுக் குழு ஒன்றுடையது. வயலின், கிட்டார், புல்லாங்குழல், அவ்வளவுதான். அந்தக் குழு துபாய் வருகிறது என்றதும், டிரம்ஸ் இல்லாமலே பாட்டு நிற்கும் என்று பாடகர் குழுவின் சனிக்கிழமைக் கூட்டத்தில் சாட்சி சொல்ல என்னை இழுத்துப் போனான்.

காலைப் பூசை முடிந்து 1.15 பஸ். 150 கிலோமீட்டர், பதினைந்து திர்ஹாம். துபாய் குபைபா பஸ் நிலையத்தில் இறங்க 3.20. அங்கிருந்து கச்சேரி நடக்கும் கிளப் மைதானத்துக்கு டாக்ஸி பதினான்கு, டிக்கெட் எழுபத்தைந்து.

வாசலிலேயே புது ஆல்பம் விற்றார்கள். அட்டையில் நான்கு கிழவர்கள், நடுவே குட்டி யானை அளவுக்கு டிரம்ஸ். அந்தோணி சிடியை மூன்று தடவை திருப்பிப் பார்த்தான்.

"இது வேற குரூப்பு, அண்ணாச்சி."

"கேசட் அட்டையில இருந்த அதே மூக்குதாம்லே. முடிதான் போயிருக்கு."

நான்கு மணிக்கு விழுந்த முதல் அடியில் ஷார்ஜா ஒட்டகங்களெல்லாம் எழுந்து நின்றிருக்கும். அந்தோணியும் எழுந்தான். "யல்லா, போவோம்."

"எழுபத்தஞ்சு திர்ஹாம்லே. உக்காரு."

மூன்றாவதாக, கேசட்டில் இருந்த பாட்டு. பாடியவருக்கு இப்போது நீண்ட இழுப்புக்கு மூச்சு போதவில்லை. அவர் நிறுத்தும் இடத்தில் டிரம்ஸ் மெதுவாக நுழைந்து நடந்தது. பிறகு வயலின் அதன் தோளில் ஏறிக்கொண்டது. வயலின்காரர் டிரம்ஸ்காரரைப் பார்த்துச் சிரித்தார். அந்தோணியின் விரல்கள் முழங்காலில் ஓட ஆரம்பித்தன.

"கெழவரு மூச்சு வாங்குதப்போ தாங்கிப் பிடிக்கான், அண்ணாச்சி."

"யாருலே?"

"அவந்தான்." பெயரைச் சொல்ல வாய் வரவில்லை அவனுக்கு. "டிரம்ஸா?" என்று கிண்டல் செய்ய வந்த நாக்கை நானும் கடித்துக்கொண்டேன். உலகத்திலேயே உயரம் என்று துபாயில் கட்டிக்கொண்டிருக்கும் அந்தக் கோபுரத்தை முதுகில் சுமப்பது இதைவிட லேசு.

போகிறவர்களுக்கு: தொப்பி அவசியம். ஆறரைக்குள் குபைபா திரும்பிவிடுங்கள்; பிந்தினால் பஸ் வரிசையின் வால் மஸ்கட்டில் இருக்கும். ஆல்பத்தை வாங்கலாம். பழைய சோகம் கொஞ்சம் குறைவு, நடை வேகம். கேசட் துணி துவைக்கும்போது கேட்க உகந்தது. இது இஸ்திரி போடும்போது.

சனிக்கிழமை சாட்சியத்துக்குத் தொண்டையைச் செருமினேன். அதற்குள் அந்தோணி, "வரட்டும்" என்று மட்டும் சொல்லி உட்கார்ந்துவிட்டான். ஈஸ்டர் பூசையில் இரண்டாவது பாட்டு. டிரம்ஸ் வாசித்தவன் பயந்து பயந்து தட்ட, அந்தோணி வில்லை நிறுத்தாமலே பின்னால் திரும்பினான்:

"லேய், சாப்பிடலயா? ஓங்கி அடி."