செதில் ஒட்டிய பந்து

டென்மார்க்கில், ஹேர்னிங் நகரில், எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு அண்ணை இருக்கிறார். பஸ் தவறினாலும், வெயில் என்று நம்பி வெளிக்கிட்ட நாளில் மழை கொட்டினாலும், கோயிலில் தன் முறை வரும்போது வடை முடிந்துபோனாலும் ஒரே வசனத்தைத்தான் சொல்லுவார்: "வெளியாலை போன பந்தைக் கோல் எண்டிட்டாங்கள்."

நான் பெரிதாகப் படித்தவன் அல்ல. ஆட்கள் கதைக்கிறதைக் கேட்டுக் கேட்டுத்தான் கொஞ்சம் தெரிந்துகொண்டேன். ஒருவர் ஒரு வசனத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னால், அது எங்கிருந்து முளைத்தது என்று கிண்டிப் பார்க்காமல் எனக்கு இருப்புக் கொள்ளாது. கிண்டினேன்.

அண்ணை யாழ்ப்பாணத்தில் தன் கல்லூரி உதைபந்தாட்ட அணியின் கோலி, கோல் காக்கிறவர். சண்டை தொடங்குவதற்கு முந்திய காலம். வெறுங்கால் ஆட்டம். மற்றக் கல்லூரிகளுக்குச் சைக்கிளில், பாரில் ஒருவர் கரியரில் ஒருவர் என்று போய், வென்று, பிளேன்ரீ குடித்து, வழியெல்லாம் கத்திக்கொண்டு திரும்புவார்களாம். அந்தப் பருவம் ஒரு ஆட்டத்திலும் தோற்கவில்லை. கடைசி ஆட்டம் சமநிலையில் முடிந்தாலே கிண்ணம் அவர்களுக்கு.

கல்லூரியிடம் கோல் வலை இல்லை. கடைசி ஆட்டமாயிற்றே என்று கடற்கரைக்குப் போய், அன்று விடிய மீன் பிடித்த வலையை இரவல் வாங்கி வந்து கட்டியிருக்கிறார்கள். அதன் ஒரு பக்கத்தில், கம்பத்துக்குக் கிட்ட, ஒரு ஓட்டை.

ஆட்டம் முடியப்போகும் நேரத்தில் எதிரணிக்காரர் ஒருவர் அடித்த பந்து வலைக்குப் பின்னால் போய் விழுந்தது. கம்பத்துக்கு உள்ளே வந்து ஓட்டையால் வெளியேறியதா, அல்லது கம்பத்துக்கு வெளியாலேயே போனதா? தூரத்தில் நின்ற நடுவர் ஓடி வந்து ஓட்டையைப் பார்த்தார், விசிலை ஊதினார். கிண்ணம் போயிற்று.

"நீங்கள் பாத்தனீங்களோ அண்ணை?"

"பாய்ஞ்சு விழுந்து கிடந்தனான். கண்ணுக்குள்ளை மண்."

"அப்ப வெளியாலை போனது எண்டு எப்பிடித் தெரியும்?"

அவர் வலக்கையை என் முகத்துக்கு நேரே விரித்தார். "உள்ளுக்கு வந்திருந்தால் இதிலை பட்டிருக்கும். படேல்லை."

அவருக்குக் கிண்ணம் முக்கியமில்லை என்று அப்போதுதான் விளங்கியது. தன் விரலுக்குத் தப்பி ஒரு பந்து உள்ளே போயிருக்கலாம் என்பதைத்தான் அவரால் விழுங்க முடியவில்லை. அதே அணியில் பின்வரிசையில் ஆடியவர் இப்போது ரண்டர்ஸில் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணை தொலைபேசி எடுத்தால் சுகம் விசாரிக்க முன்னமே தொடங்கிவிடுவார்: "கோல்தான்டா! நீ நித்திரை கொண்டனி!"

போன வசந்தகாலம் கோல்டிங்கில் ஒரு பிறந்தநாள் விழாவுக்குப் போயிருந்தேன். பக்கத்து மேசையில் ஒருவர் சோற்றைக் குழைத்தபடி சொன்னார்: "நான் ஒரு கோல் அடிச்சனான், மீன் வலையைப் பிச்சுக்கொண்டு போனது." அப்பளத்தை வைத்துவிட்டு அவருடைய விலாசத்தை எழுதி வாங்கினேன்.

அடுத்த சனிக்கிழமை அண்ணையைக் காரில் ஏற்றிக்கொண்டு கோல்டிங்குக்கு ஓடினேன்.

கதவைத் திறந்த மனிதர் அண்ணையை மேலும் கீழும் பார்த்தார். "கோலியோ? அப்ப ஒல்லியாயெல்லோ இருந்தனீங்கள்."

"நீங்களும் அப்ப ஓடக்கூடிய ஆளாத்தான் இருந்தனீங்கள்," என்றார் அண்ணை.

தேத்தண்ணி வந்தது. அண்ணை சுற்றி வளைக்கவில்லை. "உள்ளுக்கோ, வெளியாலையோ?"

"உள்ளுக்கு. பின்னாலை ஓடிப்போய்ப் பந்தை எடுத்தது நான். எண்ணெய் பூசின தோல் பந்தெல்லோ, முழுக்க மீன் செதில். கட்டிப்பிடிச்சன், ஷேட்டெல்லாம் செதில். வீட்டை போனால் அம்மா கேக்கிறா, நீ விளையாடப் போனியோ, மீன் விக்கப் போனியோ எண்டு."

அண்ணை விடவில்லை. "வெளியாலை வலையை உரசிக்கொண்டு போனாலும் செதில் ஒட்டும்."

"ஒரு பக்கத்திலை ஒட்டும். இது சுத்திவர ஒட்டியிருந்தது."

இருவரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு என்ன தெரியும்? ஆனால் குசினியில் தோடம்பழங்கள், ஆரஞ்சுதான், ஒரு வலைப்பைக்குள் தொங்கின. பையை எடுத்து, ஒரு ஓட்டை கிழித்து, அரிசிமாவைத் தூவினேன். பழத்துக்கு எண்ணெய் பூசினேன். அந்த வீட்டு மகள் வாசலில் நின்று, "அப்பா, மேசைவிரிப்பு நேற்றுத்தான் தோய்ச்சது," என்றாள். ஒருவரும் அவளைக் கவனிக்கவில்லை.

முதலில் பையின் வெளிப்பக்கத்தில் பழத்தை உரசினோம். ஒரு வெள்ளைக் கோடு. அதைத் துடைத்து, திரும்ப எண்ணெய் பூசி, உள்ளே போட்டேன். ஓட்டையால் வெளியே தள்ளும் வேலையைத் தானே செய்வேன் என்று அண்ணை வாங்கிக்கொண்டார். பழம் நெருக்கிக்கொண்டு வெளியே வந்தது. இடுப்பைச் சுற்றி மா, அரைஞாண்கொடி கட்டியதுபோல.

அண்ணை அதை உருட்டி உருட்டிப் பார்த்தார். பிறகு மெல்லக் கேட்டார்: "அப்ப என்ரை விரல் எங்கை போனது?"

மற்றவர் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார். "விரலிலை பட்டதுதானே! நான் அடிச்சது நடுவுக்கு. உங்கடை விரல் பட்டுத்தான் பந்து பக்கத்துக்குத் திரும்பினது. இல்லாட்டி அது ஏன் ஓட்டையைத் தேடிப் போகுது?"

உண்மையைத்தான் சொன்னாரா, அண்ணையின் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னாரா? இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. கேட்கலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. அண்ணை தன் வலக்கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் கிண்டுகிற நான் அதை மட்டும் கிண்டவில்லை.

திரும்பி வரும்போது காருக்குள் இருந்தே ரண்டர்ஸுக்கு அழைப்பு எடுத்தார், ஸ்பீக்கரில்.

"டேய், கோல்தான்டா. ஆனால் பட்டது! என்ரை விரலிலை பட்டது! அடிச்சவனே சொல்லுறான்."

அந்தப் பக்கத்திலிருந்து பயந்த குரலில் கேட்டது: "அப்ப இனி ஞாயிற்றுக்கிழமையிலை நாங்கள் என்னத்தைக் கதைக்கிறது?"

அண்ணை யோசித்தார். கையை ஒருமுறை விரித்து மூடினார்.

"எந்த விரல் எண்டு கதைப்பம்," என்றார்.