ரெக்ஸ்டேலுக்கு வந்த பூசத் தீபம்

ஐங்கரத்து அண்ணலே, என் சொற்களுக்கு முன்னே நடந்து வழி திற. வேல் தாங்கிய இளங்குமரா, தேடி வர இயலாத அடியவரைத் தானே தேடிச் செல்லும் கருணையே, உன் திருவடி பணிந்து இதை எழுதுகிறேன்.

அன்று தைப்பூசம். நிறைமதியும் பூச நட்சத்திரமும் கூடிய நன்னாள். இரவெல்லாம் கொட்டிய பனி வீதிகளை மூடியிருந்தது. நான் விடியற்காலையிலேயே பூசை முடித்து, நகரின் மறுகோடியான ரெக்ஸ்டேலில் முதியோர் இல்லமொன்றில் இருக்கும் என் அக்காவிடம் போய்ச் சேர்ந்துவிட்டேன். இடுப்பெலும்பு முறிந்த நாளிலிருந்து அவர் கட்டிலை விட்டு இறங்கியதில்லை. வாழ்நாளில் ஒரு பூசத் தீபத்தையும் தவறவிடாதவர், சென்ற ஆண்டு முதன்முறையாகத் தவறவிட்டார். எங்கள் முருகன் கோயிலின் நேரலை அவருடைய ஐபாட்டில் திறக்கவேயில்லை. அன்று அவர் உணவைத் தொடவில்லை.

காரணம் எளிது. கோயில் கமராவின் கணினி வழக்கமில்லாத ஓர் இணைய வாசலால் (போர்ட்) காணொளியை அனுப்பியது. அந்த வாசலை இல்லத்தின் இணையம் அடைத்து வைத்திருந்தது. மார்க்கம் நகரத்து அலுவலகமொன்றில் நெடுங்காலம் வலையமைப்புப் பணி செய்து ஓய்வு பெற்றவன் நான். ஆகவே இந்த ஆண்டு கமராக் கணினிக்கு முன்னால் ரிவர்ஸ் புரொக்ஸி என்னும் இடைநிலைச் சேவையகம் ஒன்றை நிறுவினேன். அது செய்வது குருக்களின் வேலை. அடியவர் கருவறைக்குள் நுழைவதில்லை. குருக்களே அர்ச்சனைத் தட்டை உள்ளே கொண்டுபோய்ப் பிரசாதத்தை வெளியே கொணர்கிறார். அவ்வாறே பார்ப்பவர் கேட்பதை இந்தச் சேவையகம் வாங்கி, உள்ளே சென்று காணொளியைப் பெற்று, கோயிலின் வழக்கமான இணைய முகவரியிலேயே தந்துவிடும்.

அக்காவின் ஐபாட்டில் கோயில் தெரிந்தது. அபிடேகம் முடிந்தது. செம்பட்டுத் திரை விழுந்தது. திரை விழுந்ததும் நேரலையின் ஒலியையும் நிறுத்துவது எங்கள் கோயில் வழக்கம். வெளியே சபையார் பேசும் ஊர்க்கதை உலகத்துக்கு எதற்கு?

அக்கா கைகூப்பியபடி காத்திருந்தார். பக்கத்து அறையிலிருந்து சக்கர நாற்காலியில் வந்திருந்த திருகோணமலை அம்மா பொறுமையிழந்தார்.

"என்ன, உங்கட முருகன் இவ்வளவு நேரமா வெளிக்கிடுறார்? கலியாண வீட்டுக்கே போறார்?"

"அழகனுக்கு அலங்காரம் எண்டால் நேரமாகும்தானே," என்றார் அக்கா. "நீர் சும்மா கும்பிடும்."

என் கைப்பேசி ஒலித்தது. கோயில் சபைத் தலைவர்.

"அண்ணை, தீபம் எப்பிடி? அங்க வடிவாத் தெரியுதோ?"

"திரை இன்னும் திறக்கேல்லையே."

"என்ன விசர்க்கதை கதைக்கிறியள்? இஞ்ச ரெண்டாந் தீபமும் காட்டியாச்சு!"

நாங்கள் தொழுதுகொண்டிருந்தது உறைந்துபோன ஒரு படத்தை. நேரலை பார்த்தவர்களில் ஒருவர்கூட முறையிடவில்லை. மூடிய திரையைக் கண்டால் காத்திருக்கவே பழகியவர்கள் நாம். எவருக்குச் சந்தேகம் வரும்?

"தம்பி, இந்த முறையும் இல்லையோ?" அக்காவின் குரல் தளர்ந்தது.

மடிக்கணினியைத் திறந்து சேவையகத்துக்குள் நுழைந்தேன். நேரலை சிறு சிறு துண்டுகளாக வருகிறது. அடுத்த துண்டு எது என்று அறிவிக்க ஒரு சிறிய கோப்பும் வருகிறது. துண்டுகள் மாறாதவை, அவற்றைச் சேமித்து வைத்துப் பலருக்கும் வழங்கலாம். அறிவிக்கும் கோப்போ நொடிக்கு நொடி மாறுவது. பார்ப்பவர் கூட்டம் பெருகினால் இரண்டையுமே சேமித்து வைக்கும்படி நான் கட்டளையிட்டிருந்தேன். திரை விழுந்த வேளையில் தீபம் காணக் கூட்டம் பெருக, அந்தச் சேவையகம் பழைய அறிவிப்பையே எல்லோருக்கும் பணிவோடு நீட்டிக்கொண்டிருந்தது. அந்தக் கோப்பை ஒருபோதும் சேமிக்காதே என்று ஒரு வரி சேர்த்தேன். முருகா என்று சொல்லி, அமைப்பைப் புதுப்பித்தேன்.

ஐபாட்டில் செம்பட்டுத் திரை துள்ளி மறைந்தது. சந்தனக் காப்பில், செவ்வரளி மாலையில், வேலோடு நின்றான் பெருமான். எஞ்சியிருந்தது பஞ்சாராத்தி. ஐந்து சுடரும் ஒன்றாக எழுந்து அவன் முகத்தில் பொன்னாய்ப் படர்ந்தன. திரை விலகியபோதே கோயிலில் ஒலியையும் திறந்திருந்தார்கள். மேளமும் மணியும் அறைக்குள் பொங்கின.

"அரோகரா!" என்று அக்கா எழுப்பிய குரலுக்குத் தாதி ஓடிவந்தார். திருகோணமலை அம்மாவும் சேர்ந்து முழங்கினார்.

"கண்டிட்டன், தம்பி. நல்லாக் கண்டிட்டன்."

தலைவர் மீண்டும் அழைத்தார். "அண்ணை, ஊரிலயிருந்தும் லண்டனிலயிருந்தும் ஆக்கள் போன் பண்ணுகினம், தீபம் தெரியுதாம்! உங்கட அந்தச் சேர்வருக்கும் பழம் வெத்திலையோட ஒரு காளாஞ்சி குடுப்பமோ?"

"குடுங்கோ," என்றேன். "அதின்ர பங்கையும் நான் சாப்பிடுறன்."

அக்கா அன்று தாமே கேட்டு இரண்டு முறை சோறு வாங்கினார். என் தொழில்வாழ்வில் நான் பெற்ற வெற்றிகளுள் இதற்கு இணையாக ஒன்றையும் அறியேன்.

இதை வாசிக்கும் நீங்கள் எந்நாட்டில் வாழ்ந்தாலும், நோயில் கிடந்தாலும், நெடுவழியில் நின்றாலும், உங்கள் உள்ளம் விரும்பும் காட்சி உரிய பொழுதில் உங்களை வந்தடைவதாக. உடல் நலம் பெறுக. இல்லம் ஒளி பெறுக. கந்தன் கருணை உங்கள் எல்லோரையும் காத்தருள்க.