ஹாரன் இல்லாத கார்

பதினெட்டு வருஷம் கார்ப் பந்தயம் ஓட்டினேன் என்று சொன்னால், வீட்டுக்கு வருகிறவர்கள் உடனே அலமாரியைத்தான் பார்ப்பார்கள். கோப்பை ஒன்றும் கிடையாது ஐயா! என் பிழைப்பெல்லாம் சின்ன டீம்களோடு. ஒருத்தனுக்குக் காய்ச்சல் வந்தாலோ, இன்னொருத்தன் கோபித்துக்கொண்டு போனாலோ என்னைக் கூப்பிடுவார்கள். கார்க் கதவில் போனவன் பெயர் அப்படியே இருக்கும். அதில்தான் ஏறி ஓட்டுவேன். ஒரு சீசன் முழுக்க என் சீட் என்று எனக்கு இருந்ததே இல்லை.

அதைத் தருகிறேன் என்றவர் ஜெலாப்பாங்கில் பட்டறையும் சொந்த டீமும் வைத்திருந்த ஒருவர்; எங்களுக்கெல்லாம் அவர் அண்ணன். ஞாயிற்றுக்கிழமை பூசை தவறாத கிறிஸ்தவர், வாய் மட்டும் பொல்லாதது. முதலில் சுங்காய்ப் பக்கத்தில் புதிதாகப் போட்டிருந்த ஓட்டப் பாதையில் மூன்று நாள் ஓட்டிக் காட்டச் சொன்னார்.

அது நான் பிறந்த தோட்டம். ரப்பரை வெட்டிச் செம்பனை நட்டார்கள், பிறகு செம்பனையையும் தள்ளித் தார் போட்டுவிட்டார்கள். நாங்கள் குடியிருந்த லயமும் இல்லை, கோயிலும் இல்லை. பழைய சிமெண்டுத் தண்ணீர்த் தொட்டி மட்டும் மிச்சம்.

முதல் நாள் இருபது சுற்று பிரமாதமாக ஓட்டினேன் என்று மிதப்பில் இறங்கினேன். அண்ணன் கம்ப்யூட்டரிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"டேய், நேர் ரோட்டுல எதுக்குக் காலை எடுக்குற?"

"எடுக்கலையேண்ணே."

என் கால் ஆக்சிலேட்டரை அழுத்துவதைக் காட்டும் கோடு திரையில் ஓடியது. தண்ணீர்த் தொட்டி வந்ததும் அது பொசுக்கென்று இறங்கி ஏறியது. இருபது சுற்றிலும் அதே இடம்.

"பயந்துட்டியா?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "யாருக்குப் பயம்? உங்க மிஷினுக்குத்தான் கிறுக்கு!"

மறுநாள் காருக்குள் இரண்டு கேமரா வைத்தார். சாயங்காலம் பட்டறையில் உட்கார்ந்து பார்த்தோம். தொட்டி வந்தது. என் கால் எழுந்தது. அதோடு நிற்கவில்லை; என் கட்டைவிரல் ஸ்டியரிங்கின் நடுவே போய் மூன்று தடவை அழுத்தியது. அந்தக் காரில் ஹாரனே கிடையாது. இதெல்லாம் எனக்குத் தெரியாமலே நடந்திருக்கிறது.

அப்பா அந்தத் தோட்டத்தில் ரப்பர்ப் பால் ஏற்றும் லோரி ஓட்டியவர். தொட்டிக்குப் பக்கத்தில் முனியாண்டி கோயில். அவர் ஒரு நாளும் அதை வேகமாகக் கடந்ததில்லை. காலை எடுத்து, மூன்று தடவை ஹாரன் அடித்துவிட்டுத்தான் போவார். அண்ணனிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"எனக்கு அதெல்லாம் தெரியாது. சனிக்கிழமை கோடு நேரா வரணும். இல்லாட்டி வேற ஆளப் பாத்துக்குறேன்லா."

சனிக்கிழமை என் மனைவியும் பார்க்க வந்திருந்தாள். நான் ரோட்டைப் பார்த்ததைவிடக் காலைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். எழாதே, எழாதே என்று வாய்விட்டே சொன்னேன். தொட்டி வந்தபோது பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தேன். கோடு நேராக வந்தது. அண்ணன் ஓடிவந்து கட்டிப்பிடித்தார். "சீட் உனக்குத்தான்டா!" நான் அழுதே விட்டேன்.

பத்து காஜா என்கிற ஊரில் எங்கள் வீடு. ஊருக்கு முன்னால் ரோட்டோரமாக ஒரு சின்ன முனியாண்டி கோயில் உண்டு. தினமும் அங்கே மெதுவாகப் போய் ஹாரன் அடிப்பேன். அன்று மனைவியோடு வீடு திரும்பும்போது கோயில் தெரிந்ததும் காலை எடுக்கப் போனேன். கால் வரவில்லை. ஏதோ சிமெண்டில் பதித்ததுபோல ஆக்சிலேட்டர்மேலேயே இருந்தது. வேகம் ஏறிக்கொண்டே போனது.

"என்னங்க! மெதுவா போங்க!"

"கால் வரலடி."

விளையாடுகிறேன் என்று நினைத்து என் முகத்தைப் பார்த்தாள். அவளும் தோட்டத்தில் வளர்ந்தவள்தான். சட்டென்று எட்டி, ஹாரனை மூன்று தடவை அழுத்தினாள்.

கால் எழுந்தது.

ஓரமாக நிறுத்திவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தோம். அவள் என் முழங்காலைப் பிடித்த பிடியை விடவே இல்லை.

திங்கட்கிழமை அண்ணனுக்குப் போன் போட்டு, சீட் வேண்டாம் என்றேன்.

"இதுக்காகத்தானேடா இத்தன வருஷம் கெடந்த? பயந்துட்டியா?"

"ஆமாண்ணே," என்றேன்.